தே ஓ-வையும் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாசி லெமாக், ரொட்டி சானாய், சீனி சேர்த்த டின் பால் ஊற்றி ஆற்றுகிற தே தாரிக் எல்லாம் சேர்ந்த நம் மலேசியாவின் காலைப் பசியாறும் பழக்கத்தை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தாலும் சேர்த்தது, தேத்தண்ணி என்று யார் பேனா எடுத்தாலும் தே தாரிக்கைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். உங்கள் ஞாயிறு மலரிலும் அதே கதைதான். கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆற்றுகிற படம், நுரை ததும்பும் கிளாஸ், கீழே நாலு வரி பெருமை. பெருமைப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கும் அது பிடிக்கும். ஆனால் கோலாலம்பூரில் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்து பக்கத்து மேசைகளில் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துப் பாருங்கள். பால் இல்லாத தே ஓ, சீனியும் இல்லாத தே ஓ கோசோங், இனிப்பில்லாத கெட்டிப்பால் ஊற்றிய தே சி, இஞ்சி போட்ட தே ஹாலியா, பனிக்கட்டியும் எலுமிச்சையும் சேர்த்த தே ஓ ஆய்ஸ் லீமாவ் என்று வந்துகொண்டே இருக்கும். இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தே ஓ-வுக்கு நுரை கிடையாது, படம் எடுத்தால் எடுப்பாக விழாது, அது செய்த குற்றம் அவ்வளவுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் தேத்தண்ணி நன்றாக இருக்குமா என்று தெரிய வேண்டுமா, அங்கே போய் தே தாரிக் கேட்காதீர்கள், தே ஓ கோசோங் கேளுங்கள். பால் இல்லை, சீனி இல்லை, தூளும் வெந்நீரும் மட்டும்தான். கடைக்காரர் எதையும் மறைக்க முடியாது. தூள் பழசா, சாயம் எப்போது இறக்கியது, தண்ணீர் கொதித்ததா, வடிகட்டுகிற துணியைக் கழுவினார்களா, எல்லாம் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். தே தாரிக்கில் இதில் பாதி தெரியாது. பாலில் கேசின் என்று ஒரு புரதம் இருக்கிறது, அது தேயிலையின் துவர்ப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் பால் ஊற்றியதும் சாயம் சாதுவாகிவிடுகிறது. அதற்கு மேல் டின் பாலின் இனிப்பு வேறு. காலையில் இறக்கிய சாயம் மத்தியானம் வரை அடுப்பிலேயே கிடந்து காய்ந்தாலும் இந்த இரண்டும் சேர்ந்து காப்பாற்றிவிடும்.

கடைகளில் தேத்தண்ணி போடுவதை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நீளமான துணிப்பையில் தூளைப் போட்டு, உயரமான பாத்திரத்தில் இறக்கி, கொதிக்கக் கொதிக்க தண்ணீர் ஊற்றி, முதலில் கெட்டிச் சாயம் எடுப்பார்கள். ஆர்டர் வர வர அதில் கொஞ்சம் கிளாஸில் ஊற்றி வெந்நீர் விட்டால் தே ஓ, டின் பால் சேர்த்து ஆற்றினால் தே தாரிக். இந்த முறையில் ஒரு தப்பும் இல்லை. காலையில் கூட்டம் அலைமோதுகிற நேரத்தில் ஒவ்வொரு கிளாஸுக்கும் தனியாகப் போட யாரால் முடியும். தூள் என்றால் மட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் சரியில்லை. தூள் பொடிசாக இருந்தால் சாயம் சீக்கிரம் இறங்கும், அடர்த்தியாகவும் இறங்கும், பால் ஊற்றினாலும் தேயிலையின் ருசி அமுங்காது. மாமாக் கடைக்கு அதுதான் தோது. பிரச்சினை அதற்குப் பிறகுதான். மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் வர வேண்டிய மணமும் நிறமும் வந்துவிடும், அதற்கு மேல் அந்தத் தூள் வெந்நீரில் கிடக்கக் கிடக்க இறங்குவது முக்கால்வாசி துவர்ப்பும் கசப்பும்தான். சில கடைகளில் துணியைத் தூக்குவதே இல்லை. இன்னும் சில இடங்களில் பழைய தூளின் தலையிலேயே ஒரு கரண்டி புதுத் தூளைப் போட்டு மறுபடி வெந்நீர் ஊற்றுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கடையில் சாயங்கால நேரத்தில் தே ஓ கோசோங் கேட்டு எனக்கு வந்தது கஷாயம். முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு அங்கே வேலை செய்யும் தம்பி, "அக்கா, சீனி போட்டுக் கொண்டு வரட்டுமா?" என்று பாவமாகக் கேட்டான். அவனைக் குறை சொல்லி என்ன பயன், சொல்லிக் கொடுத்ததைத்தானே செய்கிறான்.

நல்ல சாயத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. கெட்டியாகப் போட்ட தே ஓ-வை நன்றாக ஆறவிட்டால் லேசாகக் கலங்கும். அழுக்கு என்று நினைத்துப் பலர் கொட்டிவிடுகிறார்கள். தேயிலையில் இருக்கிற கஃபீனும் துவர்ப்புச் சத்துகளும் சூடு இறங்கியதும் ஒன்றோடொன்று சேர்வதால் வருகிற கலங்கல் அது, சூடு பண்ணினால் போய்விடும். தண்ணியாகப் போட்ட சாயத்தில் அது வராது. அதேபோல் தே ஓ ஆய்ஸில் லீமாவ் பிழிந்தவுடன் நிறம் வெளுத்துப் போவதைப் பார்த்து, தண்ணீர் ஊற்றி ஏமாற்றுகிறார்கள் என்று கடையில் சண்டை போடாதீர்கள். புளிப்பு பட்டால் தேயிலைச் சாயம் வெளுக்கும், அதன் குணமே அப்படி.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் தே ஓ-வைப் பற்றிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. என் பாட்டி ரவாங் பக்கம் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், பால் வெட்டினவர். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் அவர் குடித்தது வெறும் தேத்தண்ணிதான், மங்குக் குவளையில் ஊற்றி, வெல்லம் இருந்தால் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொண்டு. மரத்தில் எடுக்கிற பாலெல்லாம் துரைக்கு, குடிக்கிற பால் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பார். டின் பால் என்பது விருந்தாளி வந்தால் திறக்கிற சாமான், திறந்த டின்னை எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வைத்துக் காவல் காப்பார்கள். இன்று பாலும் சீனியும் எங்கும் கிடைக்கிறது, வெறும் தேத்தண்ணி கேட்டால்தான் கடையில், "என்ன, இனிப்புநீரா?" என்று சர்க்கரை வியாதிக்காரரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

இனிப்புநீர் என்றதும் சீனிப் பேச்சுக்கு வந்துவிடலாம், ஏனென்றால் நம் வீடுகளில் தேத்தண்ணிச் சண்டை பாதி இதில்தான். 2023-ல் நாடு முழுதும் எடுத்த உடல்நல ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் இருப்பதாகத் தெரியவந்தது. நம் இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம் என்பது தெரிந்த கதை. என் வீட்டுக்காரருக்கும் டாக்டர் சொல்லிவிட்டார். அவர் செய்த தியாகம் என்ன தெரியுமா, "தே தாரிக் காவ், கூராங் மானிஸ்" என்று, அதாவது கெட்டியாக, இனிப்பைக் குறைத்து என்று கேட்பதுதான். ஐயா, டின் பாலிலேயே பாதிக்குக் குறையாமல் சீனி இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் சுமார் 10 கிராம் சீனி, இரண்டு கரண்டி விழுந்தால் 20 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு காலை பசியாறும்போதே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அப்புறம் பத்து மணிக்கு இன்னொன்று, ஆபீஸ் முடிந்து இன்னொன்று. அந்த டின்னைத் திருப்பிப் படித்தால் பல டின்களில் அது பால் என்றுகூடப் போட்டிருக்காது, கிரீமர் என்றுதான் இருக்கும், செம்பனை எண்ணெய் சேர்த்தது. இதைத்தான் நாம் பால் என்று நினைத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம்.

டின் பால் ஊற்றி கோசோங் கேட்க முடியாது, பாலே இனிப்பு. பாலும் வேண்டும் சீனியும் கூடாது என்றால் தே சி கோசோங்தான் கேட்க வேண்டும். அதில் ஊற்றுவது இனிப்பு சேர்க்காத கெட்டிப்பால், சீனி தனியாகப் போடுவது, அதனால் வேண்டாம் என்றால் நிறுத்தலாம். தே சி-யையும் ஆற்றித் தரச் சொல்லலாம், நுரை வரும், நன்றாகவே வரும். இவ்வளவு சின்ன விஷயம் தெரியாமல் எத்தனை பேர் தே தாரிக்கை விட முடியாமலும் குடிக்க முடியாமலும் தவிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் இப்போது தே சி-க்கு மாறிவிட்டார். முதல் வாரம் முனகல்தான், பிறகு, "இதில் தேயிலை வாசம் நல்லா தெரியுது" என்று அவரே கண்டுபிடித்த மாதிரி கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சரி, சொல்லிக்கொள்ளட்டும்.

இந்த இடத்தில் இளைய பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. உங்கள் பத்திரிகையில் அடிக்கடி, மெல்லுகிற உருண்டைகள் போட்ட பபிள் தே குடிக்கிற தலைமுறை கெட்டுப் போய்விட்டது என்று கடிதம் வருகிறது. என் மகள் சுபாங் ஜெயா எஸ்எஸ் 15 பக்கம் படித்தவள், அந்தத் தெரு முழுக்க பபிள் தே கடையாக இருந்த காலத்தில். அவளோடு போய் வரிசையில் நின்றபோதுதான் கவனித்தேன், கவுண்டரில் இருக்கும் பெண் முதலில் கேட்பதே சீனி எவ்வளவு என்றுதான். முழுசு, முக்கால், பாதி, கால், ஒன்றுமே வேண்டாம், எதைச் சொன்னாலும் அப்படியே போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த உருண்டைகளிலேயே எக்கச்சக்க இனிப்பு இருக்கிறது, அது வேறு கதை. ஆனால் கேட்கிறார்கள் இல்லையா? நம் கடைகளில் யாராவது கேட்கிறார்களா? வாய் திறந்து சொன்னால்தான் உண்டு, சொன்னாலும் அவசரத்தில் மறந்துவிடுவார்கள், திருப்பி அனுப்பினால் முகம் சுருங்கும். 2019 ஜூலையிலிருந்து பெட்டியிலும் போத்தலிலும் வரும் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டார்கள், பிறகு அதை ஏற்றியும் விட்டார்கள். கடையில் கலக்கிற கிளாஸுக்கு அந்த வரி கிடையாது. வரி வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அப்புறம் விலையை ஏற்றிவிட்டு அரசாங்கத்தைக் கைகாட்டுவார்கள். கேட்டுவிட்டுப் போட்டால் போதும் என்கிறேன்.

ஆற்றுவதைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதில் உண்மையிலேயே பலன் இருக்கிறது. உயரத்திலிருந்து ஊற்றும்போது பாலும் சாயமும் ஒன்றாகக் கலக்கிறது, காற்றுப் பட்டு நுரை வருகிறது, எல்லாவற்றுக்கும் மேல் சூடு இறங்குகிறது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எதைக் குடிக்கும் பழக்கமும் உணவுக்குழாய்க்கு நல்லதில்லை, புற்றுநோய் வர வாய்ப்பிருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016-ல் சொன்னது. அதனால் எனக்கு ஒரு யோசனை, தே ஓ-வையும் ஏன் ஆற்றித் தரக்கூடாது? நுரை பெரிதாக நிற்காது, ஆனால் வாய் வைக்கிற பதத்துக்கு வந்துவிடும். என் மாமியார் இந்த யோசனைக்கெல்லாம் காத்திருக்கவில்லை, எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார். கிளாஸைத் தட்டில் கவிழ்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேரி பிஸ்கட்டை அதில் நனைத்து, உறிஞ்சுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்க ரசித்துக் குடிப்பார். மகளுக்கு மானம் போகும். எனக்குப் பிடிக்கும்.

பினாங்குக்குப் போனால் இந்த விஷயமெல்லாம் இன்னும் நன்றாகத் தெரியும். என் அக்கா வீடு ஜெலுத்தோங்கில். ஜோர்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில் லெபு பாசார் பக்கம் போனால் தமிழ்நாட்டுப் பாணியில் பாலையும் தூளையும் சேர்த்தே கொதிக்கவிட்டு, இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்ட தேத்தண்ணி கிடைக்கும். அது வேறு உலகம், தேயிலை அதில் கூட்டத்தோடு கூட்டம். நாலு தெரு தள்ளி சீனர் காப்பிக்கடையில் உட்கார்ந்தால் அங்கே தே சி பெங், பனிக்கட்டி போட்டு, கண்ணாடிக் கிளாஸில். நம் ஆள் ஒருவர் அங்கே உட்கார்ந்து ஹொக்கியன் சீன மொழியில் ஆர்டர் சொல்லுவார், பதிலுக்கு முதலாளி தமிழில் ரெண்டு வார்த்தை விடுவார். சோறும் குழம்பும் விற்கிற நாசி கண்டார் கடைக்குப் போனால் சாப்பிட்ட கையோடு தே ஆய்ஸ். அக்கா ஒரு ருசிக்காரி. தே ஹாலியா கேட்டால் இஞ்சியை அப்போதே தட்டிப் போட வேண்டும், போத்தலில் இருக்கிற இஞ்சிச் சாற்றை ஊற்றினால் எழுந்து வந்துவிடுவாள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கத்தைப் பற்றி மட்டும் பெண்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கீரை, பருப்பில் இருக்கிற இரும்புச் சத்தைத் தேயிலை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ரத்தம் குறைவு என்று கிளினிக்கில் மாத்திரை வாங்குகிறவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது விட்டுக் குடித்தால் நல்லது, மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. தே ஓ கட்சிக்காரியான நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

வீட்டில் குடிப்பவர்களுக்கு என்ன தூள் என்ற கேள்வி வரும். கேமரன் மலைத் தேயிலை நம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1929-ல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ (BOH) தோட்டம், 1933-லிருந்து இருக்கிற பாரத் தோட்டம், இரண்டின் பொட்டலமும் எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். அந்த மலைச்சரிவுகளைக் காடு வெட்டிச் செடி நட்டதில் நம் தமிழ்த் தொழிலாளிகளின் வியர்வை இருக்கிறது, சுற்றுலாப் போய் அந்தப் பச்சைச் சரிவில் நின்று படம் எடுப்பவர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். உயரத்தில், குளிரில் வளரும் செடி மெதுவாக வளரும், மணம் கூடுதலாக இருக்கும். அதை டின் பாலில் முக்கிக் குடிப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. கடைகளில் போடுவது பெரும்பாலும் கலப்புத் தூள், அடர்த்திக்காகக் கலந்தது, பாலுக்கு அதுதான் சரி. வீட்டில் தே ஓ போட இலை கொஞ்சம் பெரிசாக இருப்பதை வாங்குங்கள். தேயிலை ருசி பார்ப்பவர்களுக்கென்றே 1980-ல் அனைத்துலகத் தர அமைப்பு ஓர் அளவு வகுத்தது, 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம், 6 நிமிடம். அது ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கணக்கு. வீட்டுக்கு அந்த அளவு தூளோடு நாலு நிமிடம் போதும் என்பது என் கணக்கு. தூளை இறுத்து எடுத்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். பச்சைத் தேயிலை, ஊலோங், கறுப்புத் தேயிலை எல்லாம் ஒரே செடிதான், பறித்த பிறகு பக்குவம் செய்வதில்தான் வித்தியாசம். மகள் வாங்கி வைத்திருக்கிற மாட்சாவும் அதே செடிதான், நிழலில் வளர்த்து இலையையே மாவாக அரைத்தது. விலைதான் வயிற்றைக் கலக்குகிறது.

கடைக்காரர்களுக்கு நான் வைக்கும் விண்ணப்பம் பெரிசாக ஒன்றுமில்லை. ஆர்டர் எடுக்கும்போது இனிப்பு எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மணிக்கு ஒரு தடவையாவது சாயத்தைப் புதுசாக இறக்குங்கள், துணியைச் சாயத்திலேயே ஊறவிடாதீர்கள். பூங்குஸ், அதாவது கட்டி எடுத்துப் போகக் கேட்டால் பிளாஸ்டிக் பையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் ஆற்றி ஊற்றுங்கள், முடிந்தால் வீட்டிலிருந்து கொண்டுவருகிற தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுங்கள். சில கடைகளில் தூக்கை நீட்டினால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். தே ஓ-வுக்குப் பால் இல்லை, ஆற்றுகிற வேலையும் இல்லை, சில இடங்களில் விலையில் மட்டும் வித்தியாசம் காணோம். அதையும் கவனித்தால் நல்லது.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் ஆசிரியரே. அடுத்த முறை தேத்தண்ணிக் கட்டுரை போடும்போது தேத்தண்ணி கலக்குகிற சரக்கு மாஸ்டர் ஒருவரிடம் போய், எத்தனை அடி உயரம் ஆற்றுவீர்கள் என்று மட்டும் கேட்காமல், துணியை எப்போது மாற்றுவீர்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். கிள்ளான், ஈப்போ, பட்டர்வொர்த் வாசகர்களுக்கும் ஒன்று கேட்கிறேன், உங்கள் ஊரில் சாயங்காலம் நாலு மணிக்கும் குடிக்கிற மாதிரி தே ஓ கோசோங் போடுகிற கடை எது என்று இந்தப் பகுதிக்கு எழுதினால், அந்தப் பக்கம் வரும்போது நான் போய்க் குடித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நல்லாயில்லை என்றால் அதையும் எழுதுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்